தோல் நிறம்

கடைக்காரி பெட்டியைத் திறந்தாள்.
உள்ளே பன்றிக்குட்டி நிறத்தில்
ஒரு சிலிக்கோன் மார்பு.
"தோல் நிறம்" என்றாள்.
யாருடைய தோல் என்று கேட்க
அப்போது ஜெர்மன் போதவில்லை,
மூச்சும் போதவில்லை.
கையெழுத்து வைத்து வாங்கிவந்தேன்.

பதினான்கு மாதம் சட்டைக்குள் கொண்டுதிரிந்தேன்.
காலையில் குளிரும்.
மத்தியானம் என் சூட்டுக்கு வந்துவிடும்.
லோண்டரியில் ஆஸ்பத்திரி விரிப்புகளைக் குனிந்து இழுக்கையில்
ஒருமுறை நழுவி
வயிற்றடியில் வந்து நின்றது, வீடு மாறிய பூனை மாதிரி.
நானும் டானுட்டாவும் மெஷினை நிற்பாட்டிவிட்டுச் சிரித்தோம்.
பிறகு அவள் அழுதாள்.
எனக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

முதல் நாள் டொக்டர் ஐந்து நிமிடம் பேசினார்.
பக்கத்திலிருந்து இவர் மொழிபெயர்த்தார்:
"அதை எடுக்கவேணுமாம்."
அது.
இருபத்தொரு வருடம்
இவர் அதற்கு வைத்திருந்த பேர்கள் வேறு.

நான் மட்டும் என்ன.
கோயிலில் கேட்டவர்களுக்கு
"நெஞ்சில ஒரு ஒப்பரேஷன்" என்றேன்.
கமலலோஜினி தேனில் உள்ளி ஊறப்போட்டுக் கொண்டுவந்தாள்.
"கொழுப்பைக் குறையுங்கோ அக்கா, இதயம் கவனம்."
ஒரு போத்தல் முடிய அடுத்த போத்தல்.
ஒரு சொல்லை வாயில் எடுக்கக் கூசி
வருடம் முழுக்க உள்ளி தின்றேன்.

இதயம் என்றால், ஆஸ்பத்திரியிலும் ஒன்று தந்தார்கள்:
வெட்டின பக்கம் கக்கத்தில் வைக்க
இதய வடிவில் ஒரு சின்னத் தலையணை.
துணி முழுக்க ஆந்தைகள்.
தைத்தவள் யாரோ, கண்டதில்லை.
தையல் ஓரிடத்தில் கோணல்.
இன்றைக்கும் அந்த ஆந்தைகளோடுதான் படுக்கிறேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில் குல்டென்
என்னைக் கழிவறைக்குள் இழுத்துப்போய்க் கதவைப் பூட்டி
பிளவுஸைத் தூக்கிக் காட்டினாள்.
"வயிற்றிலிருந்து எடுத்துச் செய்தது. தொட்டுப் பார்."
தொட்டேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.
வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

எனக்கும் செய்தார்கள். ஒன்பது மணித்தியாலம்.
இரண்டு பிள்ளைக்குக் கத்தி வைத்த அதே இடத்தில்
மூன்றாம் முறை.
மேடு வந்தது. கண் இல்லை.

பச்சை குத்துகிற சில்க்கேயின் அறை இரண்டாம் மாடியில்.
ஆற்றுக்கு மேலே தொங்கிப்போகும் ரயில்
யன்னலை உரசுகிற மாதிரிப் போகும்;
அவள் ஊசியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பாள்.
அட்டையில் இருந்த பதினெட்டு நிறமும் ரோஜா.
அவள் அட்டையைத் தூக்கி எறிந்தாள்.
"மாதிரிக்கு மற்றது இருக்கிறதே."
இரண்டு பழுப்பு, ஒரு துளி ஊதா, இன்னும் கொஞ்சம் கறுப்பு.
என் கையில் பூசி, வெளிச்சத்தில் பார்த்து,
இல்லை என்று துடைத்து, திரும்பக் கலந்தாள்.
முக்கால் மணித்தியாலம்
என் நிறத்துக்காக ஒருத்தி மினக்கெட்டாள்.

ஊசி ஓடியது. ஒன்றும் தெரியவில்லை.
அந்த இடம் தன்னை இன்னும் வயிறு என்றே
நினைத்துக்கொண்டிருக்கிறது.

"உங்கள் மொழியில் இதற்கு என்ன பேர்?"
"முலைக்கண்" என்றேன்.
அவளுக்கு அது வெறும் சத்தம்.
என் காதுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிய
கமலலோஜினி மூன்றாம் போத்தலோடு வந்தாள்.
செருப்பு வைக்கிற இடத்தில் வைத்துச் சொன்னேன்.
"இதயம் இல்லை, லோஜினி. முலை. புற்றுநோய்.
வெட்டினவை."
யாரும் திரும்பிப் பார்த்தார்களா, தெரியாது.
அவள் போத்தலைத் தரையில் வைத்தாள்.
ஒரு செருப்பைப் போட்டாள்.
மற்றதைப் போடவில்லை.
கை மெல்லச் சேலைத் தலைப்புக்குள் போனது.

"எனக்கும் ஒண்டு தட்டுப்படுது அக்கா.
மாசிக்குப் பிறகு."

இப்போது ஐப்பசி.
நான் ஃபோனை எடுத்தேன்.
பத்து நிமிடம் காத்திருப்புப் பாட்டு.

திங்கள், எட்டு இருபது.
உன்ர மனுசன் வேண்டாம்.
மொழிபெயர்க்க நான் வாறன்.